துத்தம் கலந்த பசை

12.8.60 வெள்ளி

ஆல்பத்தைப் பூச்சி அரித்துவிட்டது. வேலுத்தாயின் முதல் பிறந்தநாள் படத்தில் பாவாடை ஓரம் முழுக்கச் சல்லடை. முகத்தைத் தொடாமல் விட்டதே, அந்த மட்டுக்கும் நல்ல பூச்சி.

அரிசிக் கஞ்சியில் ஒட்டினேன், அதுதான் தப்பு. "கஞ்சி ஊத்தி வளத்தா பூச்சி வராம போலீசா வரும்?" என்று இவர் சிரிக்கிறார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அச்சாபீஸ் நடத்துகிறார்கள், டப்பா டப்பாவாகப் பசை அங்கே கிடக்கிறது. பெண்டாட்டி மாசக்கணக்காக ஒரு ஆல்பம் செய்கிறாளே, ஒரு கரண்டி பசை கொண்டுவருவோம் என்று தோன்ற வேண்டுமே. சீசன் நேரம், லேபிள் ஆர்டர் கழுத்தை நெரிக்கிறதாம்.

ஆனாலும் ஆல்பம் நன்றாகத்தான் வருகிறது. யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். லேபிள் வெட்டி மிஞ்சுகிற தங்கத் தாளில் ஒவ்வொரு படத்துக்கும் நாலு மூலை மடித்துச் செருகியிருக்கிறேன். பக்க ஓரமெல்லாம் கிளியும் தாமரையும். எல்லாம் பட்டாசு லேபிளிலிருந்து வெட்டியவைதான். இவர் கொண்டுவருகிற கழிவுக் கூடைக்குள் வேலுத்தாய் தலையை விட்டுக் கிளியாகப் பார்த்துப் பொறுக்கித் தருவாள். நடுநடுவே கஞ்சிக் கிண்ணத்தில் விரலை விட்டு நக்குவாள்.

"ஏட்டி, வீட்ல சோறே போடலேன்னு ஊரு பேசும்" என்றேன்.

"உப்புப் போட்டாத்தான் நல்லாருக்கும். நீயும் நக்கிப் பாரேன்" என்கிறாள். வாயைப் பார்.

4.9.60 ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் இவர் அண்ணன் ரத்தினசாமி அத்தான் பேச்சை எடுத்தார். தீபாவளி முடிந்ததும் பிரித்துக்கொள்வதாக அண்ணனும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்களாம். அச்சாபீஸும் இந்த வீடும் எங்களுக்கு. விருதுநகர் மண்டி அத்தானுக்கு. அவர் குடும்பத்தோடு விருதுநகருக்கே போய்விடுகிறார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஒரு அடுப்பில் இரண்டு ஓரகத்திகள் வேகிறது போதும் என்று எத்தனை நாள் இவரைப் பிடுங்கியிருப்பேன்! ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூத்த ஓரகத்தி லட்சுமிகாந்தம் அக்கா பிள்ளைகளின் இலையை எடுத்துக்கொண்டே, "அப்பொ வேலுத்தாய்க்கும் அங்கன பள்ளிக்கூடம் பாக்கணும்" என்றார்.

ரசம் இவர் கையில் கொட்டிவிட்டது.

எழுதித் தீர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். வேலுத்தாய் அக்கா பெற்ற பிள்ளை. அவருக்கு நாலாவது. எனக்குக் கல்யாணமாகி வருஷம் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பிறந்த குழந்தையை மாமியார் தூக்கி வந்து என் மடியில் போட்டு, "இது ஒம் பிள்ள, தங்கம்" என்றார். அக்கா படுத்திருந்தபடியே தலையை ஆட்டினார். நான் பார்த்தேன், ஆட்டினார். பால் கொடுத்தது அவர். அது ஒன்றுதான். குளிப்பாட்டினதும், அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்ததும், முதல் பல்லை ஓட்டில் எறிந்ததும் நான். என்னைத்தான் அம்மா என்பாள். அவரைப் பெரியம்மா என்பாள். பெற்றது யார் என்று அவளுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். அதனால் ஒன்றும் மாறியதில்லை.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது யாரைச் சாட்சிக்குக் கூப்பிட?

5.9.60

கேட்டுவிட்டேன். அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தார், முன்னால் போய் நின்றேன்.

"குடுத்தீகளா இல்லையாக்கா? ஒரு வார்த்த சொல்லுங்க."

"குடுத்தேன். இல்லேன்னு சொன்னேனா?"

"குடுத்தத திருப்பிக் கேக்கிறது எந்த ஊரு நாயம்?"

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "ஒரே வீட்ல இருக்கையில குடுத்தேன் தங்கம். காலையில எந்திரிச்சா கண்ணுல படுவா. படுத்தா அவ இருமுறது இந்தப் பக்கம் கேக்கும். இந்த அறையில இருந்து அந்த அறைக்கு மாத்தி வச்சேன், அம்புட்டுத்தான். ஊரு மாறிப் போகையில நான் யாருக்கும் குடுக்கல" என்றார்.

எப்படிப் பேசுகிறார் பாருங்கள்! அறைக்கு அறை மாற்றி வைக்க என் பிள்ளை என்ன குத்துவிளக்கா?

18.9.60

இவரிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று. "அண்ணன்கிட்ட நான் எப்படிக் கேப்பேன்?" அண்ணன் முன்னால் இதுவரை உட்கார்ந்ததில்லை, வாய் திறப்பாரா?

கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார். பாகம் பிரிக்க விருதுநகரிலிருந்து நாகையா மாமா வருகிறாராம். மாமியாரின் தம்பி. அவர் சொன்னால் அத்தான் மறுபேச்சுப் பேசமாட்டார். "மாமாகிட்ட ஒம் மனசச் சொல்லு" என்றார்.

மனசை என்னத்தைச் சொல்ல. அழுதால் 'பொம்பள அழுகிறா' என்று எழுந்து போய்விடுவார்கள். ஆல்பத்தைக் காட்டப் போகிறேன். ஆறு வருஷம் இருக்கிறது அதில். பக்கத்துக்குப் பக்கம் அவளும் நானும். பார்க்கட்டும் மாமா.

20.9.60

முதல் பக்கம் சரியில்லை. குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் போட்டோக்காரர் வீட்டுக்கு வந்து எடுத்த படம் அது. அக்கா நாற்காலியில், மடியில் குழந்தை. நான் பின்னால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. யார் பார்த்தாலும் தாயும் பிள்ளையும், பக்கத்தில் யாரோ நிற்கிறாள் என்பார்கள்.

குழந்தையையும் என்னையும் தனித்தனியாகக் கத்தரித்துச் சேர்த்து ஒட்டினேன். இப்போது குழந்தை இருக்கிறது, நான் இருக்கிறேன். ஒரு சங்கடம், குழந்தையின் தலைக்கு அடியில் அக்காவின் கை. கல் வளையல் தெரிகிறது. கையை வெட்டினால் தலையும் போகும். அதன்மேல் ஒரு தாமரையை ஒட்டிவிட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

மீதித் துண்டு கழிவோடு அடுப்புக்குப் போயிற்று. என்ன பாவம் இதில்? அவரிடம் வேறு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று!

மற்றப் பக்கங்களையும் பார்த்தேன். அவர் இருக்கிற படம் எதையும் நான் முன்னாலேயே ஒட்டியிருக்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. அப்படி அமைந்துவிட்டது.

28.9.60

கடைசியில் பசை வந்தது. அச்சாபீஸ் பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலப்பார்களாம், பூச்சி கிட்டவே வராதாம். நச்சரித்து ஒரு பொட்டலம் வாங்கிவரச் செய்தேன். என்ன நீலம்! மைதாவைக் காய்ச்சி அதில் கலந்தேன். "விசம் அது. கையக் கழுவிட்டுச் சோத்துல கை வை" என்று இவர் இரண்டு தடவை சொன்னார். கழுவினேன், சீயக்காய் போட்டுக் கழுவினேன்.

மாமா வருவதற்குள் பழைய பக்கங்களையெல்லாம் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும், முதல் பக்கம் முடித்துவிட்டேன். இந்த ஆல்பம் வேலுத்தாயின் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்க வேண்டும்.

2.10.60 ஞாயிறு

பிள்ளை பிழைத்துவிட்டாள். அதை முதலில் எழுதுகிறேன்.

ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தேன், உலை கொதிக்கிறதென்று பசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அவ்வளவுதான், அரிசியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குள். எப்போதும் செய்கிறதைத்தான் செய்திருக்கிறாள். விரலை விட்டு நக்கியிருக்கிறாள். கையைக் கழுவு கழுவு என்று என்னிடம் சொன்னார்களே, அவளிடம் யார் சொன்னது? நான்தானே சொல்லணும். ஏன் சொல்லல? எப்படி மறந்துச்சு எனக்கு? தெனம் நக்குறாளேடி பாவி, தெனம் பக்கத்துல உக்காந்து பாக்குறியே!

"கசக்குது" என்று வந்து நின்றாள். உதடெல்லாம் நீலம். நான் கேட்பதற்குள் வாந்தி. பச்சையும் நீலமுமாக வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தினாள். "இந்தா இருக்கேன்" என்றேன். அதே சொல் என் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வந்தது. அக்கா ஓடி வந்துகொண்டிருந்தார்.

அத்தான் ஜட்கா கொண்டுவந்தார். வழியெல்லாம் அக்கா மடியில்தான் கிடந்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். டாக்டர் முட்டை வெள்ளைக்கருவும் பாலும் புகட்டினார். "வாந்தி வந்ததால தப்பிச்சா. உள்ள தங்கியிருந்தா என்கிட்ட வந்து பிரயோசனமில்ல" என்றார். படித்தவள்தானே நீ என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

இப்போது தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

3.10.60

நேற்று முழுக்க அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று காலையில் பசைக் கிண்ணத்தைக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"பூச்சி அரிக்கக் கூடாதுன்னா விசத்தக் கலந்த?"

"ஆமாக்கா."

"ஒன் ஆல்பம் நல்லாருக்கும். யாரும் அரிக்க மாட்டாக."

போய்விட்டார். செருப்பால் அடித்திருக்கலாம்.

19.10.60 புதன். தீபாவளி

ஊரே புகை. நான் ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தவில்லை. வேலுத்தாய் பெரியம்மா பிள்ளைகளோடு வெடி போட்டாள், சிரித்தாள். அது போதும்.

30.10.60 ஞாயிறு

நாகையா மாமா வந்தார். மண்டி, அச்சாபீஸ், வீடு எல்லாம் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு, "பிள்ள விசயம் என்ன?" என்றார். எல்லோரும் கூடத்தில். அக்கா தூணோரம்.

ஆல்பத்தை அவர் முன்னால் வைத்தேன். "ஆறு வருசம் மாமா. நீங்களே பாருங்க" என்றேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். வேலுத்தாய் அவர் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு, "இது எனக்கு அம்மை போட்டு எந்திரிச்சப்ப. இந்தக் கிளி நான் எடுத்தது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கடைசி அட்டையை மூடிவிட்டு மாமா கேட்டார்: "எல்லாம் சரி. இத்தன வருசம் லட்சுமிகாந்தம் எந்த ஊருல இருந்தா?"

"இல்லயே, பெரியம்மா இருக்காகளே" என்று வேலுத்தாய்தான் முதல் பக்கத்தைத் திருப்பினாள். "இந்தத் தாமரைக்கு அடியில பெரியம்மா கை இருக்கு. அம்மா மேல ஒட்டிட்டா." நகத்தால் சுரண்டினாள். துத்தப் பசை ஆயிற்றே, தாமரை கிழிந்து பாதிதான் வந்தது. வளையல் தெரிந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

மாமா என்னைத் திட்டவில்லை. "பிள்ள இங்கன ஒரு தடவ சாகப் பாத்தா. பெத்தவ கேக்குறா. நான் என்னத்தம்மா மறுத்துச் சொல்ல?" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், வழக்கம் போல.

31.10.60

பசை மட்டும் இல்லையென்றால். இல்லை, அப்படிச் சொல்லி என்ன? படத்தைக் கத்தரித்தது பசையா?

ஆனாலும் கேட்கிறேன், அந்தக் கிழவருக்கு ஆறு வருஷம் கண்ணில் படவில்லையா? ஒரு கைதான் பட்டதா? ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைக்கலாம் போலிருக்கிறது. அவர்கள் போன பிறகு கழுவ நான் ஒருத்திதான் என்பதால் உடைக்கவில்லை.

13.11.60 ஞாயிறு

போய்விட்டார்கள். வேலுத்தாய் அழவில்லை. விருதுநகரில் மாடி வீடு என்று அண்ணன்கள் ஆசை காட்டியிருக்கிறார்கள். வண்டி கிளம்பும்போது, "நீ எப்ப வருவ?" என்றாள். "லீவுக்கு நீதான் இங்கன வரணும்" என்றேன். புரியாமல் பார்த்தாள். புரிந்தபோது வண்டி திரும்பிவிட்டது.

2.12.60

வீட்டில் சத்தமே இல்லை. இவர் கழிவுக் கூடையை வழக்கம் போல அச்சாபீஸிலிருந்து கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, அவரே எடுத்துக்கொண்டு போனார்.

26.12.60 திங்கள்

அரையாண்டு லீவுக்கு வந்திருக்கிறாள். வளர்ந்திருக்கிறாள். இரட்டைச் சடை. அக்கா நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார், குறை சொல்ல ஒன்றும் இல்லை, தேடித்தான் பார்த்தேன்.

ஆனால் ஒன்று. வந்ததிலிருந்து என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணி வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்கிறாள். காலையில், "சாப்பிட்டீகளா?" என்றாள். யாரைக் கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

'நீ' என்று சொன்ன பிள்ளை.

"ஏன்ட்டி மருவாதியெல்லாம்?" என்று சிரித்த மாதிரி கேட்டேன். "அங்கன அம்மான்னு அவுகளத்தான் சொல்லணுமாம். ஒங்கள எப்படிச் சொல்லணும்னு யாரும் சொல்லல" என்றாள்.

"சித்தின்னு சொல்லு" என்று என் வாயாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமலே இருக்கட்டும்.

28.12.60

ஆல்பத்தைக் காட்டவா என்றேன். தலையாட்டினாள். தூரத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தாள். தொடவில்லை. நல்ல பிள்ளை, கற்றுக்கொண்டாள். நான் உள்ளே போய் அழுதேன்.

11.2.61

போட்டோக்காரரிடம் இவரைப் போகச் சொன்னேன். பழைய படங்களின் நெகட்டிவ் கண்ணாடித் தகடுகளை அவர் எறிவதில்லையாம். நாற்காலிப் படத்தின் தகடு இருந்தாலும் இருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்றாராம்.

எதற்கு என்று இவர் கேட்டார். "இருக்கட்டும்" என்றேன்.

அக்காவுக்குப் பயந்து செய்யவில்லை. மாமாவுக்காகவும் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கிறபோதெல்லாம் ஆள் இல்லாத கை ஒன்று என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

9.4.61 ஞாயிறு. விருதுநகர்

பங்குனிப் பொங்கலுக்கு வந்திருக்கிறோம். ஊர் நிறைய ஜனம். ஆண்களும் பிள்ளைகளும் பொருட்காட்சிக்குப் போய்விட்டார்கள். நானும் அக்காவும் மட்டும் அடுப்படியில், பழையபடி.

படத்தைக் கொடுத்தேன். முழுப் படம், புதிதாக அச்சுப் போட்டது. மாவுக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

"எம்புட்டு ஒல்லியா இருந்திருக்கேன்" என்றார். பிறகு, "ஒன்னயப் பாரு, நாற்காலிய எப்படிப் பிடிச்சிருக்க. நான் பிள்ளையத் தூக்கிட்டு ஓடிருவேன்னு பயம்" என்றார்.

"அப்பவே பயந்தான்க்கா."

சிரித்தோம். எப்போது கடைசியாக இரண்டு பேரும் சிரித்தோம் என்று நினைவில்லை. அக்கா அரைத்த மாவை வழித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

"இங்கன வந்த நாளா என்னய ஒண்ணும் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கா. 'இந்தாங்க'ங்கா. 'இங்க பாருங்க'ங்கா. அம்மான்னு சொல்லுடின்னு ஒரு நா அடிச்சே போட்டேன் தங்கம். பேசாம நின்னா. பெரியம்மான்னு கூப்பிட்டப்பவாவது எனக்கு ஒரு பேரு இருந்துச்சு."

"ஒங்க அத்தான்கிட்ட பேசிட்டேன். சூன் மாசம் பிள்ளைய அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருங்க" என்றார். "லீவு விட்டா எனக்கு அனுப்பிரணும். ஒரு நா கூடக் குறையக் கூடாது. விசம் கிசம் ஒண்ணும் வீட்ல இருக்கக் கூடாது."

"இருக்காதுக்கா."

வேண்டாம்க்கா, உங்களிடமே இருக்கட்டும் என்று ஒரு பேச்சுக்காவது நான் சொல்லியிருக்கலாம். நல்லவள் என்றால் சொல்லியிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா படத்தை அரிசி டப்பாவுக்கு மேலே சாய்த்து வைத்தார். மத்தியானம் முழுக்க அந்தப் பக்கம் போகாமலே சமைத்தார்.

4.6.61 ஞாயிறு

இன்று வேலுத்தாயை அழைத்துவந்தோம். பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்று அக்காவும் கூடவே ரயிலேறினார். இவர் பெட்டிகளோடு வாசலில் நின்றுகொண்டார். ஒரு பலகையில் நாங்கள் மூன்று பேர். சன்னலோரம் நான் இடம் பிடித்திருந்தேன், அடுத்து வேலுத்தாய், அந்தப் பக்கம் அக்கா.

விருதுநகர் தாண்டியதும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, புகை கண்ணில் விழுகிறது என்றார். அவர் பக்கம் புகையே வரவில்லை.

வேலுத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"பெரியம்மா, நீங்க சன்னலோரம் வந்து காத்தாட உக்காருங்க" என்றாள்.

என் பக்கம் திரும்பி, முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

"நீ தள்ளு."

தள்ளி உட்கார்ந்தேன்.